முட்டைத் தட்டில் இருந்த சொட்டு மருந்து

அம்மிணி,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நலமாக இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே சொல்லிவிட்டாய். வலது கண் லேசாகச் சிவந்திருக்கிறது, இரண்டு நாளாகக் கொஞ்சம் மங்கல் என்றாய். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் ஒன்று கேட்டாய் பார், அதுதான் என்னை இப்படி உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது. "ஏனுங்கப்பா, நம்ம ஊட்டு ஃப்ரிட்ஜுல முட்டை வெக்கிற தட்டுல ஒரு சொட்டு மருந்து வெச்சிருப்பீங்களே, போட்டா ஒரே நாள்ல செவப்புப் போயிருமே, அது பேரு என்னங்க?" என்றாய். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் தாராளமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து, "டாக்டரைப் பார்க்காமல் எதையும் போடாதே, விவரமாக எழுதுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். நீ பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினாய். உன் கட்டைவிரலை எனக்குத் தெரியாதா? சரிங்கப்பா என்று தலையாட்டிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்யப் போகிறாய் என்று அதற்கு அர்த்தம். அது என்னிடமிருந்து உனக்கு வந்த குணம். அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம்.

மருந்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்குப் பதிலாக, அந்த மருந்து நான்கு வருடம் என்னை எப்படி முட்டாளாக்கியது, நான் எப்படி மனமுவந்து முட்டாளாக இருந்தேன் என்பதைச் சொல்லப் போகிறேன். இதில் உன் கல்யாணமும் வரும். கல்யாணத்தில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றதற்கு நீ இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் அம்மா சொல்லாமல் இருப்பாளா?

என் பிழைப்பே கண்தான். அருள்புரத்துச் சாய ஆலையில் இருபத்தாறு வருடமாக ஷேடு பார்க்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்ட துணித்துண்டு ஒரு பக்கம், நாங்கள் சாயம் ஏற்றிய பனியன் துணி ஒரு பக்கம். இரண்டையும் லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்து, ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பாஸ் என்றால் துணி தையலுக்குப் போகும், இல்லை என்றால் திரும்பச் சாயத்துக்குப் போகும். உன் அம்மா ஜாக்கெட் துணி எடுக்கப் போனால் புடவையை எடுத்துக்கொண்டு போக மாட்டாள், என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவாள். முதலாளியே, "நம்மாளு பாத்துட்டா பையரே பாத்த மாதிரிங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். இருபத்தாறு வருடம் ஒரே பாராட்டைக் கேட்டால் மனுஷன் கொஞ்சம் கெட்டுத்தான் போவான். கண் என் உடம்பின் ஒரு பாகம் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. ஆலையின் மெஷின்களில் அதுவும் ஒன்று, பழுதே ஆகாத மெஷின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெஷின் ஒருநாள் மங்கியது. வலது கண்ணில் மட்டும், யாரோ உள்ளே மூச்சு விட்ட மாதிரி ஒரு பனி. பெரிய வலி இல்லை, சிவப்பும் பெயருக்குத்தான். உன் அம்மா உடனே வைத்தியத்தில் இறங்கினாள். நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினாள். பிறகு, மாடி வீட்டில் குடியிருந்த பெண்ணிடம் பாலாடைக் கிண்ணத்தோடு போய்த் தாய்ப்பால் கேட்டாள். கைக்குழந்தைக்காரி, மறுத்துப் பேசத் தெரியாத பெண். அதற்கப்புறம் ஒரு மாதம் மாடிப்படியில் என்னைப் பார்த்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள். இந்த அவமானம் தாங்காமல்தான் தெருமுனை மெடிக்கல் குமாரிடம் போனேன். அவன் என் கண்ணைப் பார்க்கவே இல்லை, பின்னால் இருந்த அலமாரியைத்தான் பார்த்தான். "இதப் போடுங்கண்ணா, ரெண்டு நாள்ல பளிச்சுனு ஆயிரும்" என்று ஒரு குட்டிப் பாட்டிலைக் கொடுத்தான். ஒரே நாளில் பளிச்சென்று ஆனது. எனக்குக் குமார் தெய்வமாகத் தெரிந்தான்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பனி வந்தது. நான் முட்டைத் தட்டைத் திறந்தேன், பனி போனது. நீ அப்போது வீட்டில்தான் இருந்தாய், பார்த்திருக்கிறாய். "டாக்டர்கிட்டப் போங்கப்பா" என்று நீ சொன்னபோதெல்லாம், "துணித் தூசி கண்ணு, வேற ஒண்ணுமில்லை" என்றேன். மெடிக்கலில் ஸ்டாக் இல்லாமல் போய்விடக் கூடாது என்று இரண்டு பாட்டில் சேர்த்தே வாங்கி வைத்தேன். முட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி உன் அம்மாவோடு சண்டைகூடப் போட்டேன். இவ்வளவு ஒழுங்காக நான் வேறு எந்தத் தப்பையும் செய்ததில்லை.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பையன்கள் நாற்பது பேருக்கும் உன் கூரைப்புடவையின் கரை நிறத்தில், அந்த மயில் கழுத்துப் பச்சையில், காலர் வைத்த பனியன் போட்டு நிறுத்துகிறேன் என்று சபதம் செய்தேன் அல்லவா? துணியை இரண்டு தடவையாகச் சாயம் போட வேண்டியிருந்தது. இரண்டாவது லாட் வந்த அன்று என் கண்ணில் பனி. என்னிடம் உதவியாளராக இருக்கும் செல்வி உனக்குத் தெரியும், தென்காசிப் பக்கத்துப் பெண். துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கோவிக்காதீய. இது மொத லாட்டோட சேரல. இதுல நீலம் தூக்கலால்லா இருக்கு" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். "நான் இந்த லைட் பாக்ஸ் முன்னாடி நிக்க ஆரம்பிச்சப்ப நீ சிலேட்டுல எச்சி தொட்டு அழிச்சிட்டிருந்திருப்ப" என்றேன். பாஸ் என்று கையெழுத்தும் போட்டேன். அவள் துணியை மடித்து அடுக்கினாள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.

மண்டபத்தில் என்ன நடந்தது என்று நீ மேடையில் இருந்ததால் உனக்கு முழுதாகத் தெரியாது. நாற்பது பேரும் ஒன்றாக நின்றபோது இருபது பேர் மயில் கழுத்தாகவும் இருபது பேர் வேறு ஏதோ ஒன்றாகவும் இருந்தார்கள். அந்த இன்னொரு நிறம், நம் கெட்ட நேரத்துக்கு, பந்தி பரிமாற வந்த பையன்களின் சட்டை நிறத்தோடு அச்சாகப் பொருந்தியது. உன் அத்தை மகனிடம் மூன்று பேர் ரசம் கேட்டார்கள். அவனும் மூன்றாவது ஆளுக்கு, வம்பு எதற்கென்று ஊற்றிவிட்டான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற உன் சித்தப்பா மகனிடம் ஒரு பெரியவர் இலையை மடித்துவிட்டு, "தம்பி, இதை எடுத்துரு" என்றாராம். உன் மாமனார் என் காதோரமாக வந்து, "ஏனுங்க சம்பந்தி, பந்திக்கு இத்தன பேரைச் சொல்லியிருக்கீங்களே, நம்ம கூட்டத்துக்கு இது ஜாஸ்தியில்லீங்களா?" என்று கேட்டார். நான் தையல்காரன்மேல் பழியைப் போட்டேன். பாவம், தையல்காரனுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

கறுப்புக் கண்ணாடி விஷயம் இதைவிடக் கேவலம். காலையில் எழுந்ததும் கண் அதற்கு முன் இல்லாத அளவுக்குச் சிவந்து கூசியது. சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விட்டேன். உன் அம்மா தன் தம்பியின் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டு, யார் கேட்டாலும் தூசி என்று சொல்லுங்கள் என்றாள். முதலில் கேட்டவரிடம் என் வாயில் "மெட்ராஸ் ஐ" என்று வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்கப்புறம் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மாமனாரும் நானும் சேர்ந்து செய்ய வேண்டிய சடங்கில் அவர் கடைசிவரை மேல் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் கையை அவர்கள் கையில் பிடித்துக் கொடுத்தபோது அவர் உன் கைக்குப் பதிலாக ஐயரின் கையைப் பிடித்துவிட்டார், நீ கவனித்தாயா?

நீ கவனித்தது வேறு. புறப்படும்போது காரில் ஏறாமல் நின்று, "கண்ணாடியைக் கழட்டுங்கப்பா, ஒரு தடவை" என்றாய். நான் மாட்டேன் என்றேன். நீ கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு ஏறினாய். அப்பா அழவேயில்லை, படத்துக்குப் போஸ் கொடுத்துக்கொண்டு நின்றார் என்று பிற்பாடு அம்மாவிடம் சொன்னாயாம். அம்மிணி, கழற்றியிருந்தால் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு நீ காரில் ஏறியிருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரை நிறுத்திவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாய். அழாமல் என்ன? கண்ணாடிக்குள் அழுததில் மருந்தெல்லாம் வழிந்து போய்விட்டதென்று பந்திக் கூடத்தின் பின்பக்கம் போய் மறுபடியும் விட்டுக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் வரவேற்பில் நீ மேடையில் நின்றபோது மண்டபத்து விளக்கு ஒவ்வொன்றைச் சுற்றியும் வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. உன் தலைக்கு மேலே இருந்த விளக்கைச் சுற்றிப் பெரிய வளையம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அலங்காரம் செய்தவரைத் தேடிப் பிடித்து, "அந்த வளையம் ஒண்ணு போட்டீங்க பாருங்க, அதுதானுங்க ஒசத்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க" என்றார்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் என் சாயம் வெளுத்தது. ஒரு ஏற்றுமதி லாட்டை நான் பாஸ் செய்தேன். செல்வி அந்த ரோலைத் தையலுக்கு அனுப்பாமல் ஓரமாக வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வெளியே போனபிறகு, அதை லைட் பாக்ஸுக்குள் விரித்தாள். "அண்ணாச்சி, சோத்துக் கைப் பக்கத்துக் கண்ண மூடிட்டுப் பாருங்க" என்றாள். பார்த்தேன். நல்ல பச்சை. "இப்ப அதத் தெறந்துட்டு மத்ததை மூடுங்க" என்றாள். பார்த்தேன். அதே துணி, அதே விளக்கு. ஆனால் பச்சை வெளுத்து, பால் ஊற்றிக் கலக்கின மாதிரி இருந்தது. மாற்றி மாற்றி மூடித் திறந்தேன், பத்துத் தடவை இருக்கும். ஒரு கண்ணின் ஷேடு இன்னொரு கண்ணோடு சேரவில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ லாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று என்னையே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும் அண்ணாச்சி, நீங்க ஏசுவியளோன்னு பயந்துட்டேன்" என்று அவள் அழுதாள். அவளை அழ வைத்தது நான்தான்.

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, ஒரு நீல விளக்கைக் கண்ணில் ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் நீரின் பிரஷரைப் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இருபதைத் தாண்டினாலே யோசிக்க வேண்டியதாம், எனக்கு நாற்பத்தெட்டு. "வலிக்கலீங்களா சார்?" என்றார். இல்லீங்க என்றேன். "லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரிஞ்சிருக்கா?" என்றார். எனக்கு அலங்காரக்காரர் ஞாபகம் வந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். கண்ணுக்குள் பிரஷர் ஏறும்போது முன்பக்கத்துக் கண்ணாடிப் படலத்தில் நீர் கோத்துக்கொள்ளுமாம், அதனால் தெரிவதாம் அந்த வளையம். அப்புறம், "உங்க ரெண்டு கண்ணுலயும் கருவிழியோட பழுப்பு நிறம் ஒரே மாதிரி இல்லை, வலது பக்கம் ஒரு சுத்து வெளுத்திருக்கு, யாரும் சொன்னதில்லையா?" என்று கேட்டார். தினமும் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்கிறவன் நான். ஊர்த் துணிக்கெல்லாம் ஷேடு பார்த்தவனுக்குத் தன் கண்ணின் ஷேடு தெரியவில்லை.

கண்ணின் முன்பக்கத்திலிருந்து ஊசியால் ஒரு துளி நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வைரஸ் என்று வந்தது. நம்மில் நிறையப் பேர் உடம்பில் சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிற வைரஸாம். சிலருக்குக் கண்ணுக்குள் விழித்துக்கொள்ளுமாம். ஏன் எனக்கு என்று கேட்டேன். அது தங்களுக்கும் தெரியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் ஒரு சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கும். வைரஸ் வந்து அந்த இடத்தை வீங்க வைத்துவிட்டால் ஊறுவது ஊறும், வடிவது நின்றுவிடும். "எங்க கழிவுநீர்த் தொட்டியில ஃபில்டர் அடைக்கிற மாதிரிங்களா?" என்றேன். "ஃபில்டர் அடைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். "மெஷினை நிறுத்திட்டு ஃபில்டரைப் பாப்போமுங்க." "கண்ணுல மட்டும் நாலு வருஷமா எச்சரிக்கை லைட்டை அணைச்சுட்டே இருந்திருக்கீங்க சார்" என்றார். முட்டைத் தட்டு மருந்து ஸ்டீராய்டாம். அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கிவிடும், எனக்குச் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். வைரஸ் கேட்பாரில்லாமல் குடித்தனம் நடத்தும். போதாததற்கு, சிலர் உடம்பில் அந்த மருந்தே பிரஷரை ஏற்றிவிடுமாம். நான் அந்தச் சிலரிலும் ஒருத்தன்.

வேடிக்கை என்னவென்றால், டாக்டரம்மா எழுதிய சீட்டில் வைரஸுக்கு ஒரு களிம்பு, பிரஷருக்கு ஒரு சொட்டு, கூடவே அதே ஸ்டீராய்டும் இருந்தது. எனக்கு வந்ததே தைரியம். "இதத்தானுங்க நானும் போட்டேன்" என்றேன். "நீங்க தனியா போட்டீங்க, அளவில்லாம போட்டீங்க. நான் வைரஸ் மருந்தைக் காவலுக்கு வெச்சு, பிரஷரை அளந்து அளந்து, குறைச்சுட்டே வருவேன்" என்றார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். களிம்பு ஒரு நாளைக்கு ஐந்து வேளை. போட்டதும் உலகமே ஊத்துக்குளி வெண்ணெய்க்குள் கிடப்பது போலத் தெரியும். உன் அம்மா ஐந்து அலாரம் வைத்திருக்கிறாள், அலாரம் அடிக்கும் முன்பே அவளும் அடிக்கிறாள். இப்போது பிரஷர் பதினாறு. ஆனால் வலது கண்ணில் மூக்குப் பக்கம், மேலே, பார்வையில் ஒரு துண்டு போய்விட்டது. நரம்பு பட்டுப்போனது, திரும்ப வராது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எனக்கே தெரியாது. ஆலையில் நானே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இப்போது செல்விதான் கையெழுத்துப் போடுகிறாள். நான் பக்கத்தில் நின்று கருத்துச் சொல்கிறேன், சில நேரம் கேட்கிறாள்.

இதெல்லாம் உனக்குச் சொல்லாமல் விட்டதற்கு எதைக் காரணமாகச் சொல்வது? புதுக் கல்யாணம், உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பொய். நீ "அப்பவே சொன்னனே" என்று கேட்பாயே என்று பயந்தேன். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. "இந்த மருந்துக்குப் பிரஷர் ஏறுற உடம்பு குடும்பத்துல வரலாம், பிள்ளைங்க இருந்தா சொல்லி வைங்க" என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். "ஒரு பொண்ணு இருக்குதுங்க, சொல்லிர்றேன்" என்றேன். பத்து மாதம் ஆகிவிட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்காவிட்டால் இன்னும் பத்து மாதம் ஆகியிருக்கும். நீ இருக்கிற ஓசூரில் ஒரு மெடிக்கல் குமார் இல்லாமலா இருப்பான்?

உன் கண்ணுக்கு வந்திருப்பது வெறும் தூசியாகவே இருக்கலாம். என் வைரஸ் மெட்ராஸ் ஐ மாதிரி ஒட்டிக்கொள்வதும் இல்லை. இருந்தாலும் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கண் டாக்டரிடம் போ. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் ஆட்டோவில் போ. போய் உட்கார்ந்ததும், "எங்கப்பாவுக்கு ஸ்டீராய்டு சொட்டுல பிரஷர் ஏறுச்சு, எனக்கும் பிரஷர் பாருங்க" என்று சொல்லு. கௌரவம் பார்க்காதே, அது என்னோடு போகட்டும். பிரஷர் எழுதின சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. கட்டைவிரலை அனுப்பாதே.

கடிதத்தோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன், கசங்காமல் எடு. நீ காரில் ஏறும் முன் நாம் மூன்று பேரும் நிற்கிற படம். போன வாரமே அதை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போய், என் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "எடுத்தரலாமுங்க. ஆனா உள்ள கண்ணு இருக்கோணுமில்லீங்க. இப்ப ஒரு போட்டோ எடுத்து அந்தக் கண்ண இதுல ஒட்டிரலாம்" என்றார் ஸ்டுடியோக்காரர். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு இருந்த மாதிரியே கண் இருக்க வேண்டும் அல்லவா? நீ கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டேன். "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார். முடியவில்லை. அவர் பார்த்துவிட்டு, அப்படியே எடுத்துக்கொண்டார்.

வலது கண் இடது கண்ணைவிடக் கொஞ்சம் வெளுத்து இருக்கும். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒரே நிறமாக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். செல்வி லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் பாஸ் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள், திருப்பிப் பார்.

அப்பா